டிக்கெட்டில் சீல் இல்லை: ஒரு இசை நிகழ்ச்சியும் பின்னால் வந்த சட்டக் கடிதமும்

பதிவுத் தபாலைக் கையெழுத்துப் போட்டு வாங்கும்போது அண்ணனின் கிளினிக் கடிதம் என்றுதான் நினைத்தேன். மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் ஒழுங்கைக்குத் தபால்காரர் பதினொரு மணிபோல வருவார். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. உறையைக் கிழித்தால் உள்ளே மூன்று பக்கம், முழுவதும் ஆங்கிலம், தலைப்பில் ஒரு சட்டத்தரணியின் பெயரும் முகவரியும். முதலில் கண்ணில் பட்டது இலக்கம்தான். ஐம்பது இலட்சம் ரூபா. பதினான்கு நாளுக்குள் அந்தக் காசைக் கட்ட வேண்டும், முகநூலில் பகிரங்க மன்னிப்புக் கேட்க வேண்டும், போட்ட பதிவை நீக்க வேண்டும். தவறினால் மாவட்ட நீதிமன்றத்தில் மானநட்ட வழக்கு.

சோறு அடிப்பிடித்து மணம் வந்த பிறகுதான் நின்ற இடத்தை விட்டு அசைந்தேன்.

டவுனில் ஒரு இரும்புக்கடையில் கணக்கு எழுதுவது என் தொழில். ஐம்பது இலட்சம் என்ற தொகையைப் பேரேட்டில் எழுதியிருக்கிறேன், கையால் எண்ணியதில்லை. வீடு அம்மாவின் பெயரில். அதையும் எழுதி வாங்கிவிடுவார்களோ என்று அன்றிரவு முழுக்க யோசித்தேன். அந்த இரவில் எனக்குத் தெரியாமல் இருந்த விஷயங்களை இன்னொருவர் முன்கூட்டியே தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அண்ணனுக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்வதில்லை. கிழமையில் இரண்டு நாள் டயாலிசிஸ், ஒரு தடவைக்கு நான்கு மணித்தியாலம். இடது முழங்கைக்குக் கீழே, டயாலிசிஸ் ஊசி ஏற்றுவதற்காகப் பிஸ்டுலா போட்ட இரத்த நாளம் கயிறு முறுக்கினாற்போலப் புடைத்து நிற்கும். காதை வைத்துக் கேட்டால் உள்ளே இரத்தம் இரைகிற சத்தம் கேட்கும். அந்த இரைச்சல் நின்றுபோனால் ஆபத்து என்று தாதி சொல்லித் தந்ததால், காலையில் எழும்பியதும் அம்மா அவன் கையில் காது வைத்துக் கேட்பார். எங்கள் வீட்டில் நாள் தொடங்குவது அப்படித்தான். அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சைக்குக் காசு இல்லை. ஆனால் மெசின் குறைவு, ஆட்கள் கூட. வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலிருந்து விடிய நான்கு மணிக்கே வெளிக்கிட்டு, இரண்டு பஸ் மாறி வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

அதனால்தான் "டயாலிசிஸ் நோயாளர்களுக்காக மாபெரும் இசை இரவு, முழு வருமானமும் இயந்திரக் கொள்வனவுக்கு" என்ற போஸ்டரைக் கண்டதும் கேள்வி கேட்காமல் ஓடிப்போய் டிக்கெட் புத்தகம் வாங்கினேன். ஏற்பாட்டாளர் ஊரில் தெரிந்த ஆள். அவருடைய அமைப்பின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஆஸ்பத்திரிக் கட்டடத்தின் படமும் போஸ்டரில் இருந்தது.

எனக்குத் தந்த புத்தகத்தில் 1351 முதல் 1400 வரை ஐம்பது டிக்கெட். ஒன்று ஆயிரம் ரூபா. 46 விற்றேன். எங்கள் ஒழுங்கையில் மட்டும் பதினெட்டு. பக்கத்து வீட்டு மாமி இடியப்பம் அவித்து விற்பவர். சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்ததை அவிழ்த்து, நூறும் ஐம்பதுமாக எண்ணி, இரண்டு டிக்கெட் எடுத்தார். நிகழ்ச்சி நாளன்று வரச் சொல்லிக் கூப்பிட்டேன். "எனக்கு என்னத்துக்கு மனே பாட்டு? உன்ட அண்ணனுக்குத்தானே எடுத்தன்" என்றார்.

நாற்பத்தாறாயிரம் ரூபாவையும் நிகழ்ச்சிக்கு முதல் நாள் கொடுத்தேன். பற்றுச்சீட்டுக் கேட்கவில்லை. பகல் முழுக்கப் பற்றுச்சீட்டு எழுதுகிற நான் கேட்கவில்லை. "46 கிடைத்தது, நன்றி தங்கச்சி" என்று வட்ஸ்அப்பில் ஒரு வரி வந்தது. அது இன்னும் என்னிடம் இருக்கிறது. பிறகு என்னைக் காப்பாற்றியவற்றில் அதுவும் ஒன்று.

நிகழ்ச்சி முடிந்து மூன்று மாதம் போனது. மெசின் வரவில்லை. வோர்டில் விசாரித்தால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. ஏற்பாட்டாளரிடம் இரண்டு தடவை கேட்டேன். முதல் தடவை "கணக்கு முடியல்ல" என்றார். இரண்டாம் தடவை செய்தியைப் பார்த்ததற்கு நீலக் குறி விழுந்தது, பதில் இல்லை. இதற்கிடையில் அடுத்த இசை இரவுக்குப் போஸ்டர் ஒட்டத் தொடங்கினார்கள். அதிலும் அதே ஆஸ்பத்திரிப் படம், அதே "முழு வருமானமும்".

அன்றிரவு ஒரு மணிக்கு எழுதினேன். "நோயாளிகளின் பெயரில் கொள்ளை" என்று தலைப்பு வைத்தேன். 1400 டிக்கெட் விற்றுப் பதினான்கு இலட்சம் சேர்த்தார்கள் என்று எழுதினேன். போஸ்டரின் படத்தையும், கூடவே அவர் மேடையில் மனைவி, மகளோடு நின்று பொன்னாடை வாங்கும் படத்தையும் போட்டேன். விடிந்து பார்த்தால் நூற்றுக்கணக்கான பகிர்வு. கீழே கருத்துகள், என்னென்னவோ கருத்துகள்.

மூன்றாம் நாள் இரவு ஒரு தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு. "அவதூறுக்கு உன்ன உள்ள போடுவம். அண்ணன ஆஸ்பத்திரிக்கு ஆர் கூட்டிக்கொண்டு போற எண்டு பாப்பம்." பத்தாம் நாள் அந்தப் பதிவுத் தபால்.

மட்டக்களப்பில் உள்ள சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகத்துக்குத்தான் முதலில் போனேன். ஆலோசனை கேட்க அங்கே காசு இல்லை. வழக்குப் பேசுவதற்குத்தான் வருமானம் பார்க்கிறார்கள். அங்கே இருந்தவர் கடிதத்தை ஒரு தடவை வாசித்துவிட்டு முதலில் சொன்னது இதுதான்: "இது வழக்கில்ல, கடிதம்." கோரிக்கைக் கடிதம் என்பது ஒரு சட்டத்தரணி தன் கட்சிக்காரர் சொன்னதை எழுதி அனுப்புவது. நீதிமன்றம் அதில் இன்னும் வரவில்லை. ஐம்பது இலட்சம் என்பது அவர்கள் கேட்கிற தொகை. வழக்கு வந்து, அவர்கள் வென்று, நீதிபதி தீர்மானித்தால்தான் அது கட்ட வேண்டிய தொகை ஆகும். அந்தத் தொகையும் கேட்டதற்குச் சமமாக இருக்க வேண்டும் என்றில்லை. அன்று நான் சுவாசம் விட்டது நினைவிருக்கிறது.

பதில் எழுதுவதற்கு ஒரு சட்டத்தரணியைப் பிடித்தேன். வயதான பெண்மணி, கோட்டுப் போட்டபடியே நெஸ்கபே குடித்துக்கொண்டு பேசுவார். "போனில காட்டாத தங்கச்சி. பதிவு, கருத்துகள் எல்லாத்தையும் திகதி தெரியிற மாதிரி கடதாசியில எடுத்துக்கொண்டு வா. ஒண்டையும் இன்னும் அழிக்காத" என்றார். எடுத்துக்கொண்டு போனேன். என் பதிவில் இருந்த ஒவ்வொரு வசனத்துக்கும் பென்சிலால் இலக்கம் போட்டார். மொத்தம் பதினேழு. பிறகு ஒவ்வொன்றாக விரலை வைத்து ஒரே கேள்வியைக் கேட்டார்: "இது உனக்கு எப்படித் தெரியும்?"

போஸ்டரில் முழு வருமானமும் என்று இருந்தது. போஸ்டர் இருக்கு, சரி. நான் 46 டிக்கெட் விற்றுக் காசு கொடுத்தேன். வட்ஸ்அப் இருக்கு, சரி. இரண்டு தடவை கணக்குக் கேட்டேன். சரி. இது வெட்கப்பட வேண்டிய வேலை. அது உன் அபிப்பிராயம், உண்மையான விஷயத்தை வைத்துச் சொல்லியிருக்கிறாய், இருக்கட்டும். இப்படியே போய் இரண்டு வசனத்தில் பென்சில் நின்றது. அந்த இரண்டையும் சுற்றி வட்டம் போட்டார். எழுதும்போது எனக்கு அதிகம் பிடித்திருந்த வசனங்கள் அந்த இரண்டும்தான்.

ஒன்று, 1400 டிக்கெட் விற்று 14 இலட்சம் சேர்த்தார்கள் என்பது. என் புத்தகத்தில் கடைசி இலக்கம் 1400. அதற்கு முன்னுள்ளவை எல்லாம் விற்றன என்று நான் எதை வைத்துச் சொன்னேன்? நானே நான்கு டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தவள். கணக்கு எழுதுகிற எனக்கு அந்தக் கேள்வி முகத்தில் அடித்தாற்போல இருந்தது.

மற்றது கொள்ளை. "மெசின் குடுக்கல்ல எண்டு உனக்குத் தெரியும். காச எடுத்தான் எண்டு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார். மேடைக்குப் போயிருக்கலாம், ஒலிபெருக்கிக்குப் போயிருக்கலாம், பாடகர்களின் விமான டிக்கெட்டுக்குப் போயிருக்கலாம். அப்படிப் போயிருந்தாலும் "முழு வருமானமும்" என்று போட்டது பிழைதான், மக்களை ஏமாற்றியதுதான். ஆனால் அது வேறு, சட்டைப்பைக்குள் போட்டது வேறு. முதலாவதை நிரூபிக்க என்னிடம் காகிதம் இருந்தது. இரண்டாவதுக்கு என் கோபம் மட்டும்தான் இருந்தது.

அந்த மேசையில் இருந்து நான் படித்தவற்றை, எனக்கு விளங்கிய அளவில் சொல்கிறேன். ஒவ்வொருவருடைய பிரச்சினையும் வேறு, உங்கள் கடிதத்தை உங்கள் சட்டத்தரணியிடம்தான் காட்ட வேண்டும்.

அவதூறுக்கு உள்ளே போடுவோம் என்ற மிரட்டல் எங்கள் ஊர்களில் இன்னும் நன்றாக ஓடுகிறது. இலங்கையில் குற்றவியல் அவதூறு 2002 இலேயே தண்டனைச் சட்டக் கோவையிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. மானநட்டம் இப்போது குடியியல் விஷயம். நட்டஈடு கேட்கலாம், அதற்காக மட்டும் பொலிஸ் பிடித்துப்போக முடியாது. 2024 இல் வந்த 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தையும் அந்தக் கடிதத்தில் இழுத்திருந்தார்கள். அது பயப்படத்தக்க சட்டம்தான், அதில் நான் மறைக்க ஒன்றும் இல்லை. ஆனால் அதில் "பொய்யான கூற்று" என்பதற்கே ஒரு வரைவிலக்கணம் இருக்கிறது. சொல்பவருக்கே பொய் என்று தெரிந்து, ஏமாற்றும் நோக்கத்தோடு சொன்னதாக இருக்க வேண்டும். நல்லெண்ணத்தோடு சொன்ன எச்சரிக்கை, அபிப்பிராயம், குற்றச்சாட்டு அதற்குள் வராது. நம்பி, ஆதாரத்தோடு எழுதுவது அதனால்தான் முக்கியம்.

குடியியல் வழக்கு என்று வந்தால் இங்கே பார்ப்பது உரோமன் டச்சுச் சட்டம். "உண்மையைத்தானே எழுதினேன்" என்பது மட்டும் அதில் போதாது. உண்மையாகவும் இருக்க வேண்டும், அதைச் சொல்வதால் பொதுமக்களுக்குப் பயனும் இருக்க வேண்டும். ஊரவர்களிடம் காசு சேர்த்த நிகழ்ச்சியின் கணக்கைக் கேட்பதில் பொதுப்பயன் இருக்கிறது. அவருடைய மகளின் முகத்தை ஊருக்குக் காட்டியதில் என்ன பயன் இருந்தது? அந்தக் கேள்வியைச் சட்டத்தரணி கேட்கவில்லை, நானே கேட்டுக்கொண்டேன். பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளை. வகுப்பில் அவளிடம் என்ன கேட்டிருப்பார்கள் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அதற்கு என்னிடம் எந்தச் சமாதானமும் இல்லை.

பொலிசுக்கோ, பிரதேச செயலாளருக்கோ, உள்ளூராட்சி சபைக்கோ, அதாவது விசாரிக்கும் கடமை உள்ள ஒரு இடத்துக்கு நல்லெண்ணத்தோடு எழுதும் முறைப்பாட்டுக்குச் சட்டத்தில் தனிப் பாதுகாப்பு உண்டு. அதே விஷயத்தை முகநூலில் போட்டால் அந்தப் பாதுகாப்பு அப்படியே கிடைக்காது. நான் வரிசையைத் தலைகீழாகப் பிடித்தேன். முதலில் முறைப்பாடு எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பி, அந்தத் துண்டை வைத்துக்கொண்டு காத்திருந்துவிட்டு, பிறகு "இன்ன திகதியில் முறைப்பாடு செய்தேன், பதில் இல்லை" என்று எழுதியிருந்தால் ஐம்பது இலட்சக் கடிதம் எழுதுவதற்கே அவர்களுக்குக் கை கூசியிருக்கும்.

கருத்துகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் பதிவுக்குக் கீழே அவருடைய சாதியை, ஊரை, குடும்பத்தை இழுத்திருந்தார்கள். ஒருவர் இரண்டு சமூகங்களை மூட்டிவிடுகிற மாதிரி ஒன்றை எழுதியிருந்தார். எங்கள் மாவட்டத்தில் அது நெருப்போடு விளையாடுவது. சமூகங்களுக்கிடையே பகை தூண்டும் பேச்சுக்கு 2007 ஆம் ஆண்டின் ஐசிசிபிஆர் சட்டத்தின், அதாவது குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயச் சட்டத்தின், 3 ஆம் பிரிவு இருக்கிறது. அதில் பிணை எடுப்பதே பெரும்பாடு. அதைப் பகிர்ந்தவர்களும், வட்ஸ்அப் குழுக்களில் குரல் பதிவாகச் சொன்னவர்களும் தாங்கள் வெறுமனே அனுப்பியதாகத்தான் நினைத்திருப்பார்கள். பகிர்ந்தாலும் பிரசுரித்ததாகத்தான் எடுக்கப்படலாம் என்று சட்டத்தரணி சொன்னார். அப்படிப்பட்ட கருத்துகளைப் படம்பிடித்து எடுத்துவிட்டு நீக்கினேன். கருத்துப் பெட்டியை மூடினேன். பதிவு போட்ட நிமிடமே அதைச் செய்திருக்க வேண்டும்.

பதிவை முழுதாக நீக்கிவிடலாமா என்று கேட்டேன். அண்ணனும் அதையேதான் சொன்னான், "எனக்காக நீ கோட்டுக்கு ஏறாத" என்று. சட்டத்தரணி வேறு வழி சொன்னார். உண்மையான பதினைந்து வசனமும் இருக்கட்டும். வட்டம் போட்ட இரண்டையும் எடு. எடுத்ததை மறைக்காமல், திகதி போட்டுத் திருத்தம் எழுது. அப்படியே எழுதினேன்: "திருத்தம். 1400 டிக்கெட்டும் விற்கப்பட்டதாக நான் எழுதியதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. தலைப்பில் பயன்படுத்திய சொல்லையும், குடும்பத்தினர் உள்ள படத்தையும் நீக்கியுள்ளேன். நிகழ்ச்சியின் வரவுசெலவுக் கணக்கை வெளியிட வேண்டும் என்ற கோரிக்கை அப்படியே உள்ளது." இதை எழுதக் கை நடுங்கியது. தோற்றுவிட்டேன் என்று ஆட்கள் நினைப்பார்கள் என்று பயந்தேன். ஒரு சிலர் நினைத்தார்கள்தான். ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பதிவில் என்னால் பதில் சொல்ல முடியாத ஒரு வரிகூட இருக்கவில்லை. அன்றிரவுதான் நித்திரை வந்தது.

கடிதத்துக்கான பதில் ஒன்றரைப் பக்கம். உரிமை கோரல்களை மறுக்கிறோம், திருத்தம் இட்டுள்ளோம், கணக்கைக் காட்டுங்கள், எமது கட்சிக்காரரின் உரிமைகளுக்குப் பாதிப்பின்றி. பதினான்கு நாள் முடிவதற்கு இரண்டு நாள் முன்னதாகப் போனது. கட்டணம் என் சம்பளத்தில் கால்வாசி. அந்த மாதம் தவணைக் காசு கட்டப் பிந்தியது. கடிதம் வந்த அன்றே ஏற்பாட்டாளருக்கு அழைத்துப் பேசப்போனேன், நல்லவேளை அம்மா போனைப் பறித்தார். அழுது கொண்டோ, கோபத்திலோ பேசும் பேச்சை மறுபக்கம் பதிவு செய்துகொண்டிருக்கும். கடிதம் வந்தால் கடிதத்தால்தான் பதில் போக வேண்டும்.

மிரட்டல் அழைப்புக்குப் பொலிசில் முறைப்பாடு போட்டேன். அழைப்பு வந்த நேரத்தையும் இலக்கத்தையும் கொப்பியில் குறித்து வைத்திருந்தது உதவியது. சொன்னதை எழுதியவர் வாசித்துக் காட்டினார். "அண்ணனை ஆர் கூட்டிக்கொண்டு போவது" என்ற வசனம் விடுபட்டிருந்தது. சேர்க்கச் சொல்லிக் கேட்டேன், சேர்த்தார். உங்கள் வாக்குமூலத்தை நீங்கள் விளங்கிக்கொள்ளும் மொழியில் வாசித்துக் கேட்காமல் கையெழுத்து வைக்காதீர்கள். முறைப்பாட்டு இலக்கத்தையும் குறித்துக்கொண்டு வாருங்கள். அந்த அழைப்பு பிறகு வரவில்லை.

இனி சீலின் கதை. டிக்கெட் விற்று நடத்தும் நிகழ்ச்சிகளுக்கு உள்ளூராட்சி சபைக்குக் களியாட்ட வரி கட்ட வேண்டும். அச்சடித்த டிக்கெட்டைச் சபைக்குக் கொண்டுபோய்ச் சீல் குத்தி எடுப்பார்கள். இது எனக்குத் தெரியாது. சட்டத்தரணி மேசையில் மிஞ்சியிருந்த அடிக்கட்டைகளைப் பிரித்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "சீல் எங்க?" என்று கேட்டார். சிவப்பு மையில் இலக்கம் இருந்தது. ஊதாச் சீல் ஒன்றிலும் இல்லை. கடையில் ஒருவரிடம் முன்வரிசை டிக்கெட் ஒன்று இருந்தது, 200 சொச்சம் இலக்கம். அதில் சீல் இருந்தது, ஓரத்தில் பாதி வட்டமாக.

அதைப் பார்த்ததும் மறுபடி முகநூலுக்கு ஓடத்தான் மனம் சொன்னது. இந்த முறை ஓடவில்லை. தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இரண்டு விண்ணப்பம் எழுதினேன். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம் அது. ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்ற முடிவை அவர்கள் சொல்ல வேண்டும். சபையிடம் கேட்டது: இன்ன திகதி நிகழ்ச்சிக்கு எத்தனை டிக்கெட் சீல் குத்தப்பட்டது, எந்த இலக்கம் முதல் எந்த இலக்கம் வரை. ஆஸ்பத்திரியிடம் கேட்டது: இந்த நிகழ்ச்சியின் பெயரில் நன்கொடை ஏதும் கிடைத்ததா, உங்கள் படத்தைப் பயன்படுத்த அனுமதி கேட்டார்களா. கேள்வி சின்னதாகவும், பதில் ஒரு இலக்கமாகவோ ஆம் இல்லையாகவோ வரக்கூடியதாகவும் இருக்கட்டும் என்று தகவல் உத்தியோகத்தரே சொல்லித் தந்தார். "முறைகேடுகள் பற்றிய சகல விபரமும்" என்று எழுதினால் திரும்பி வரும்.

இரண்டு பதிலும் வந்தன. சபையின் பதிலில் 1 முதல் 800 வரை. ஆஸ்பத்திரியின் பதிலில் இரண்டு கேள்விக்கும் "இல்லை". கடித உறையை மாமியின் திண்ணையில் இருந்துதான் பிரித்தேன். என் புத்தகத்தின் முதல் டிக்கெட் 1351.

மோசடி என்று அப்போதும் எழுதவில்லை. சபைக்கும் பிரதேச செயலகத்துக்கும் அந்த இரண்டு பதிலின் பிரதியோடு முறைப்பாடு அனுப்பினேன். அனுப்பி ஒரு கிழமைக்குள் அடுத்த இசை இரவின் போஸ்டரில் "முழு வருமானமும்" என்ற சொல்லுக்கு மேல் வெள்ளைக் கடதாசி ஒட்டப்பட்டது. பிறகு நிகழ்ச்சியே பிற்போடப்பட்டதாகச் சொன்னார்கள்.

கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் வண்ணக்கர் எங்கள் இருவரையும் கூப்பிட்டு வைத்துப் பேசினார். ஏற்பாட்டாளர் ஒரு கொப்பி கொண்டுவந்தார். மேடை, ஒளி, ஒலி, பாடகர், தங்குமிடம் என்று எழுதிக்கொண்டே போய், கடைசியில் மிஞ்சியதை அடுத்த நிகழ்ச்சிக்கு முற்பணமாகக் கட்டியதாகச் சொன்னார். அவருடைய முகத்தைப் பார்த்தபோது, இதில் பிழை இருப்பதாக அவர் உண்மையிலேயே நினைக்கவில்லை என்று எனக்குப் பட்டது. பெரிய நிகழ்ச்சி நடத்தினால் பெரிய காசு வரும், அப்போது மெசின் வாங்கலாம் என்றுதான் தன்னையும் நம்பவைத்திருந்தார் போல. அதற்காக மாமியின் இரண்டாயிரம் ரூபா ஒலிபெருக்கிக்குப் போனது சரியாகிவிடாது. மகளின் படத்துக்காக அவரிடம் நேரே மன்னிப்புக் கேட்டேன். கணக்குக் கேட்டதற்காகக் கேட்கவில்லை. அங்கே ஒருவர் தட்டச்சு செய்த மன்னிப்புக் கடிதம் ஒன்றை நீட்டிக் கையெழுத்து வைக்கச் சொன்னார். சட்டத்தரணிக்குக் காட்டிவிட்டுத்தான் என்று சொல்லி மடித்து வைத்துக்கொண்டேன். பெரியவர்கள் சுற்றி இருக்கும்போது அதைச் சொல்வது லேசில்லை. ஆனால் அப்படிப்பட்ட இடத்தில் வைத்த கையெழுத்து பிறகு நீதிமன்றத்தில் நாங்களே பிழையை ஒப்புக்கொண்டதாக வந்து நிற்கும்.

கணக்கு இன்றுவரை வெளியே வரவில்லை. வோர்டுக்குச் சக்கர நாற்காலி இரண்டு வந்தது, படத்தோடு. அவர்கள் வழக்குப் போடவில்லை. இந்த மாதிரி நட்டஈட்டு வழக்குக்கு இரண்டு வருஷம்தான் கெடு என்று சட்டத்தரணி சொன்னார். பதிவு போட்டு ஒன்றரை வருஷம் ஆகிறது. அடிக்கட்டை, போஸ்டர், வட்ஸ்அப், இரண்டு பதில், தபால் துண்டுகள் எல்லாம் ஒரு பைலில். பழைய போனையும் அழிக்காமல் அதோடு வைத்திருக்கிறேன். நீதிமன்றம் என்று வந்தால் படம்பிடித்த கடதாசியை விட மூலம் இருப்பது பலம்.

சட்டத்தை விட என்னை அதிகம் வருத்தியது வேறு ஒன்று. டயாலிசிஸ் வோர்டுக்கு வெளியே வாங்கில் இருக்கும்போது, வவுணதீவுப் பக்கமிருந்து வரும் ஒரு நோயாளியின் மனைவி என்னிடம் கேட்டார். "நீங்க எழுதினது சரிதான் பிள்ள. ஆனா இனி ஆர் எங்களுக்குக் காசு சேர்க்க வருவாங்க? வாற கொஞ்சமும் நிண்டுராதா?" கோபமாகக் கேட்கவில்லை. கையில் மதியச் சாப்பாட்டுப் பொதியைப் பிடித்தபடி, உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார். சட்டத்தரணி எழுதித் தந்த பதில்கள் ஒன்றும் அந்தக் கேள்விக்கு உதவவில்லை. அவருடைய கணவருக்குப் பஸ் காசு அனுப்பிக்கொண்டிருந்த வெளிநாட்டு ஆள் ஒருவர் இரண்டு மாதம் அனுப்பவில்லை. அதற்கும் என் பதிவுக்கும் தொடர்பு உண்டோ இல்லையோ, அந்த இரண்டு மாதமும் நான் சரியாகச் சாப்பிடவில்லை.

அதனால்தான் வோர்டில் உள்ள குடும்பங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து இப்போது ஒரு சின்னக் காரியம் செய்கிறோம். எங்களுக்காக என்று யாராவது நிகழ்ச்சி வைக்க வந்தால் மூன்று கேள்வி கேட்கிறோம். ஆஸ்பத்திரிப் பணிப்பாளரின் கடிதம் இருக்கிறதா? காசு போகும் வங்கிக் கணக்கு யாருடைய பெயரில்? செலவு போகத்தானே தருவீர்கள், அப்படியானால் போஸ்டரில் அதையே எழுதுவீர்களா? இதற்குள் இரண்டு கூட்டம் வந்தது. ஒன்று கேள்வியைக் கேட்டதும் போய்விட்டது. மற்றது, வாழைச்சேனைப் பக்கத்துப் பொடியன்கள், "செலவு போக மிஞ்சுவது" என்று போஸ்டரில் போட்டு, ஒரு மாதத்தில் கணக்கைக் கொண்டுவந்து வோர்டுச் சுவரிலேயே ஒட்டினார்கள். எங்களுக்கு வந்தது அறுபத்தோராயிரம் ரூபா. படுவான்கரை ஆட்களின் பஸ் காசு அதிலிருந்து போகிறது.

மாமிக்கு அவருடைய இரண்டாயிரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். வாங்கவில்லை. போன மாதம் ஒரு பாடசாலையின் பழைய மாணவர்கள் நாடகம் ஒன்றுக்கு டிக்கெட் கொண்டு ஒழுங்கைக்கு வந்தார்கள். மாமி மாவு ஒட்டிய விரலைச் சேலையில் துடைத்துவிட்டு டிக்கெட்டை வாங்கினார். வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பினார். "சீல் இருக்கு. பேங்க் புத்தகம் ஆர்ட பேர்ல தம்பி?" அந்தப் பையன் அதிபரின் கடிதத்தை எடுத்துக் காட்டினான். என்னைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். தலைப்பை அவிழ்த்து இரண்டு டிக்கெட் எடுத்தார்.